களைக்கு அடிச்ச மருந்து

கருங்கரட்டுப்பட்டி ஆடுகளுக்கு முகத்துல களை போன கதையச் சொல்லணும்னா, மொதல்ல என் மூஞ்சியில நானே காறித் துப்பிட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஏன்னா அந்தக் களையக் கொன்னவன் நான், வையாபுரி, இருபத்திரண்டு வருசமா முதுகுல டேங்கக் கட்டிக்கிட்டு ஊரு மக்காச்சோளக் காட்டுக்கெல்லாம் களை மருந்து அடிக்கிறவன். யாரோ செஞ்சதுன்னு சொல்லிட்டுத் திரிய எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்லித்தான் ஒரு பொம்பளைய ஊரவிட்டு அனுப்பி வச்சோம்.

அது ஐப்பசி மாசம். நல்லதம்பி காட்டுல அடிச்சு முடிச்சப்போ டேங்குல பாதி மருந்து மிச்சம். நல்லதம்பின்னா எங்க ஊரு கோயில் தர்மகர்த்தா, பெரிய காட்டுக்காரர். கலக்குன மருந்து மறுநாளைக்கு ஆகாது, சும்மா கொட்டிட்டுப் போகவும் எனக்கு மனசு வரல, ஓடைக்கரையில என் வண்டித் தடத்த மூடிக்கிட்டுப் புல்லும் பூண்டும் முழங்கால் உசரத்துக்கு நின்னுச்சா, சரி அதுக்கு அடிச்சு விடுவோம்னு குழாயத் திருப்பினேன். அங்கதான் செம்பாயி ஆடு மேய்ப்பா. புருசன் போய்ச் சேந்துட்டான், புள்ள குட்டி இல்ல, தனக்குன்னு நாலு ஆடு, அதோட சேத்து ஊராட்ட எல்லாம் காலையில ஓட்டிட்டுப் போயி சாயந்திரம் அவங்கவங்க வாசல்ல விடுறவ.

"அண்ணே, அங்க அடிக்காதீங்கண்ணே. ஆடு மேயுற எடம்"னா.

"ஆட்டுக்கு என்ன ஆகப்போவுது? களைக்குத்தானே அடிக்கிறேன்."

"எது களை, எது தழைன்னு அதுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். இது களைய மட்டும்தான் கொல்லும். வேற எதையும் தொடாது."

கடைக்காரன் எங்கிட்ட சொன்னத நான் அவகிட்ட சொன்னேன், அவ்வளவுதான், வாயில வந்தது. ஆனா டேங்குக்குள்ள இருந்த மருந்து அதக் கேட்டுக்கிச்சு. சொன்ன சொல்ல அப்படியே நெறவேத்துச்சு. நானும் என் வேலையும் ஒருநாளும் அவ்வளவு சுத்தமா இருந்ததில்ல.

மூணாம் நாள் சாயந்திரம் ஆடெல்லாம் ஊருக்குள்ள வந்துச்சு. கறுப்பு கறுப்பாத்தான் இருந்துச்சு, செவலை செவலையாத்தான் இருந்துச்சு, கொம்பு வளஞ்சது வளஞ்சபடி, காது கிழிஞ்சது கிழிஞ்சபடி, மயிருல ஒண்ணு கொறையல, மூஞ்சியில மட்டும் களை இல்ல. களை இல்லாத மூஞ்சி யாரோட மூஞ்சின்னு சொல்ல முடியாதுங்கறது அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. வளத்தவங்களுக்கு ஆடு தெரியல, ஆட்டுக்கு வளத்தவங்களத் தெரியல, குட்டிக்குத் தாயத் தெரியல, எல்லாம் தெருவோட நடுவுல நின்னு மென்னதப் பாதியில மறந்து வாயில பச்சையோட பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மொத வாரம் சண்டை. இது என் ஆடு, அது உன் ஆடுன்னு கொண்டையப் புடிச்சு இழுத்தாங்க. ரெண்டாவது வாரம் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சாங்க, கழுத்துல பழைய ரவிக்கைத் துணியக் கிழிச்சுக் கட்டினாங்க, ஆனா ஒருத்தி கட்டுன செவப்புத் துணியவே இன்னொருத்தியும் கட்டியிருந்தா. மூணாவது வாரம் வந்தது வரட்டும்னு விட்டாங்க. எந்த வாசல்ல எந்த ஆடு நுழையுதோ அந்த வீட்டுல அதுக்குத் தழை, அன்னிக்கு ராத்திரிக்கு அது அவங்க ஆடு, மறுநாள் வேற வீடு. குட்டிங்க எந்த மடியில வேணா வாய் வச்சுச்சு, எந்தத் தாயும் ஒதைக்கல, அதப் பாத்துட்டு எங்க ஊரு பொம்பளைங்க, "பாரு, ஆட்டுக்கு இருக்கற ஒத்துமை நமக்கு இருக்கா"ன்னு ஒருத்தர ஒருத்தர் குத்திப் பேசிக்கிட்டாங்க. பஸ்ஸு ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு, ஆடுங்க நகராது, கடைசியில டிரைவர் பள்ளிக்கூடத்துப் பின்னாடி சுத்திப் போக ஆரம்பிச்சாரு, அங்க ஒரு டீக்கடை மொளச்சுச்சு, ஊருக்கு அதுவும் வசதியாப் போச்சு. கார்த்திகை முடியறதுக்குள்ள ஆட்டுக்கு மூஞ்சியில களை இருந்துச்சுங்கறதே சில பேருக்கு மறந்து போச்சு.

செம்பாயியோட நாலு ஆட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. நான் அடிச்ச அன்னிக்கே, மருந்து படாத கடைசி மூலையில நின்ன வல்லாரையப் பறிச்சு, மொளகும் கருப்பட்டியும் வச்சு இடிச்சு, உருண்டை புடிச்சு அதுங்க வாயில ஊட்டியிருக்கா. மறுநாள் காலையில ஒவ்வொரு வாசலா நின்னு கேட்டிருக்கா. "உங்க ஆட்டுக்கும் ஒரு உருண்டை குடுக்கட்டுங்களா? மருந்துதான், ஒண்ணும் பண்ணாது." ஒருத்தரும் சம்மதிக்கல. எங்க ஆட்டுக்கு உன் மருந்து வேணாம், நீ மேய்ச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க. என் வீட்டு வாசல்லயும் வந்து நின்னா. என் பொண்டாட்டி பூவாயிதான் பதில் சொன்னா, நான் உள்ள இட்லி தின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் அந்த நாலு ஆடும் ஊருக்குப் பெரிய எடஞ்சலாப் போச்சு. அத்தன ஆட்டுக்கு நடுவுல அதுங்க மட்டும் பேரச் சொன்னாத் திரும்பும், ஆளப் பாத்தா நின்னு பாக்கும். நான் வண்டியில போனா நாலும் தலையத் தூக்கி என்னயே பாக்கும். நான் வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போவேன்.

மார்கழியில மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு, பொறுமையான ஆளு. ஆடுங்க கண்ணுல டார்ச்சு அடிச்சுப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, தலைய மெதுவாத் திருப்பி விட்டுப் பாத்தாங்க.

"மூளையில நரம்புக்கு ஏதோ பாதிப்பு மாதிரி இருக்கு. சில மருந்து வயித்துக்குள்ள போனா அங்கயே நிக்காது, ரத்தத்தோட மூளைக்குப் போயிடும். ஆராய்ச்சியில எலிக்குக் குடுத்துப் பாக்குறாங்க. கூடவே சில மூலிகையும் குடுத்தா கொஞ்சம் தாங்குதான்னும் பாக்குறாங்க. இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

எல்லாரும் கால் கட்டைவிரலப் பாத்தோம். நான் அடிச்சுட்டு நேரா வந்தவன், முதுகுல டேங்கு இன்னும் சொட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் நகந்து வந்து நின்னாங்க. வெயிலுக்கு நகந்தாங்கன்னு நெனச்சேன்.

நல்லதம்பி சொன்னாரு: "சோளத்துக்கு அடிப்போம்மா. ஆட்டுக்கு யாரு மருந்து அடிக்கப் போறாங்க?"

அந்தம்மா செம்பாயியோட ஆட்டப் பாத்துட்டு, இதுக்கு என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க. வல்லாரைன்னு சொன்னா. "மத்ததுக்கும் குடுத்துப் பாக்கலாமே, இன்னும் கெடைக்குமா?" செம்பாயி ஓடைப் பக்கம் கையக் காட்டினா. கரை பூரா வைக்கோல் நெறத்துல கெடந்துச்சு. அவ பறிச்ச கடைசி மூலையும் அதுக்குள்ள காஞ்சிருந்துச்சு, ஒரு இணுக்கு இல்ல. டாக்டரம்மா நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

தை மாசம் செல்லியம்மனுக்குக் கிடா வெட்டு. எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கிடாவக் கொண்டாந்து சாமி முன்னாடி நிறுத்தி மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, அது ஒடம்ப ஒரு ஒதறு ஒதறணும், அதத் துளுக்குறதுன்னு சொல்வோம், துளுக்குனா ஆத்தா சம்மதிச்சுட்டான்னு அர்த்தம், துளுக்காத கிடாவ வெட்டக் கூடாது. அன்னிக்கு இருபத்தேழு கிடா. மொத கிடாவுக்கு ஒரு சொம்பு ஊத்துனாங்க, துளுக்கல. ரெண்டு சொம்பு, மூணு சொம்பு, கொடத்தோட கவுத்தாங்க, மேளக்காரங்க கை சிவக்க அடிச்சாங்க, பூசாரி காதுல ஊதுனாரு, கண்ணுல தண்ணியத் தெளிச்சாரு, இருபத்தேழும் நனஞ்சுகிட்டு நின்னுச்சு, ஒண்ணுக்குக்கூடத் தோலு சிலுக்கல. அடிவாசல்ல ஓரமா நின்ன செம்பாயி ஆட்டு மேல ரெண்டு சொட்டு தெறிச்சுச்சு பாருங்க, நாலும் ஒண்ணா ஒதறுச்சு.

ஊரு மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு.

"யாரோ மருந்து வச்சுட்டாங்க"ன்னு ஒரு குரல் வந்துச்சு. யாரு குரல்னு தெரியாது, என் குரல் இல்ல, அந்த மட்டுக்குச் சொல்றேன். மருந்து வைக்கிறதுன்னா தெரியும்ல, சோத்துல எதையாவது கலந்து குடுத்துப் புத்திய மாத்துறது, வசியம். கோயில் தகரக் கொட்டகையில ஊர்க்கூட்டம் போட்டாங்க. தட்டுல சூடத்தக் கொளுத்தி வச்சு, வயசுக்கு வந்த ஒவ்வொருத்தரும் அத உள்ளங்கையால அடிச்சு அணச்சு, "செல்லியம்மா சாட்சியா நான் மருந்து வைக்கல"ன்னு சத்தியம் பண்ணணும்னு முடிவாச்சு.

வரிசையில நானும் நின்னேன். நெசத்தச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். பத்து பேரு தள்ளி நின்னப்போ சொல்லிடலாம்னு இருந்தேன், அஞ்சு பேரு தள்ளி நின்னப்பவும் சொல்லிடலாம்னு இருந்தேன், அப்பத்தான் என் பாழாப்போன மூளையில அது உதிச்சுச்சு. வச்சியான்னுதானே கேக்குறாங்க. நான் எங்க வச்சேன்? நான் அடிச்சேன். அடிச்சது வேற, வச்சது வேற. சாமிக்குத் தமிழ் தெரியாதா?

"செல்லியம்மா சாட்சியா நான் மருந்து வைக்கல"ன்னு கணீர்னு சொல்லிட்டு சூடத்த அணச்சேன். கை சுடல. சுட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

கடைசியா செம்பாயி. கையச் சூடத்துக்கு மேல நீட்டினா. நீட்டுன கை நீட்டுனபடி நின்னுச்சு.

"என்ன யோசனை? அணை"ன்னாரு நல்லதம்பி.

"நான் மருந்து வச்சிருக்கேங்களே. என் நாலு ஆட்டுக்கு. வல்லாரை உருண்டை. வைக்கலன்னு எப்படிங்க சொல்றது?"

அவ்வளவுதான். வச்சேன்னு அவ வாயாலயே சொல்லிட்டான்னு கொட்டகை மொத்தமும் எந்திரிச்சுச்சு. வல்லாரைங்கறது யாரு காதுலயும் விழல. தன் ஆட்டுக்கு மாத்து மருந்து, ஊராட்டுக்கு மருந்தான்னு கேட்டாங்க. இனிமே இந்த ஊர்ல ஆடு மேய்க்கவும் கூடாது, இருக்கவும் கூடாதுன்னாங்க. அவ ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தா. எங்கிட்ட வரும்போது நான் குனிஞ்சு தோள்துண்ட ஒதறிக்கிட்டு இருந்தேன். ஒரு அலுமினியக் குண்டானும் நாலு ஆடுமா, உச்சி வெயில்ல ஊரத் தாண்டிப் போனா.

அதுக்கப்புறம் எனக்குக் களை போக ஆரம்பிச்சுச்சு. கண்ணு, மூக்கு, மீசை எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு. ஒருநாள் காட்டுலேர்ந்து வந்து கையக் கழுவிட்டு உள்ள போறேன், பூவாயி முந்தானையச் சரிபண்ணிக்கிட்டு, "யாருங்க? அவரு மருந்தடிக்கப் போயிருக்காரு. உக்காருங்க, வந்துருவாரு"ன்னு பாயப் போட்டா. நானும் உக்காந்து அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன், வேற என்ன பண்றது? ஊருக்கும் அது பழகிருச்சு. முதுகுல டேங்கு இருந்தா வையாபுரி, டேங்கு இல்லன்னா வெளியூர்க்காரன். கல்யாண வீட்டுப் பந்தியிலகூட டேங்கோட உக்காந்து சாப்பிட்டேன். கண்ணாடியில பாத்தா எனக்கே, இவன எங்கயோ பாத்திருக்கமேன்னுதான் தோணுச்சு.

அடுத்த ஐப்பசியில டேங்க வீட்டுல எறக்கி வச்சுட்டு, ரெண்டு ஊரு தாண்டிக் கல்லுக்குழிக்குப் போனேன். செம்பாயி அங்க அக்கா வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓலைச் சாளையில குடியிருக்கறதாக் கேள்விப்பட்டேன். என்னப் பாத்துட்டு, "யாரு வேணுங்க?"ன்னா. கருங்கரட்டுப்பட்டின்னு சொன்னேன். மூஞ்சி மலந்து போச்சு அவளுக்கு.

"எங்க வையாபுரி அண்ணன் நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு."

"நல்ல மனுசன். அன்னிக்குக் கொட்டகையில ஆளாளுக்கு ஒண்ணு பேசுனாங்க. அவரு ஒருத்தருதான் என்னப் பத்தி ஒரு வார்த்த பேசல. தலையக் குனிஞ்சுகிட்டாரு. அத நெனச்சுத்தான் நான் மனச ஆத்திக்கிட்டேன்."

பூமி பொளந்தா உள்ள போயிருப்பேன். அவ என்ன உத்துப் பாத்தா. "உங்க மூஞ்சியில களையே இல்லீங்களே. அந்த ஊரு ஆட்டுக்கு வந்ததுதான் உங்களுக்கும்"னு சொல்லி, சாளை ஓரத்துல தண்ணி விட்டு வளத்திருந்த வல்லாரைய நாலு இலை கிள்ளி, இடிச்சு, உருண்டையாக் குடுத்தா. "மூணு நாளைக்கு வாங்க."

வாயில போட்டுக் கன்னத்துல அடக்கிக்கிட்டேன். களை வந்தா அவளுக்கு என்னத் தெரிஞ்சுரும். வளைவு தாண்டினதும் துப்பிட்டேன். ரெண்டாம் நாளும் போனேன், வாங்கினேன், துப்பினேன். எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியல. அன்னிக்கு அவ சொன்னா: "இந்த ஊருக்கு வந்து என் கையால வாங்கித் தின்ன மொத ஆளு நீங்கதாங்க. மருந்து வைக்கிறவங்கற பேரு எனக்கு முன்னாடி வந்து சேந்துருச்சு. எங்கக்காகூட நான் மோந்த தண்ணியக் குடிக்கிறதில்ல."

மூணாம் நாள் அவ விடல. "நீங்க முழுங்கலன்னு தெரியுதுங்க. முழுங்கியிருந்தா இந்நேரம் தெளிஞ்சிருக்கும்"னு சொல்லி, ஆட்டுக்கு ஊட்டுற மாதிரியே என் தாடையப் புடிச்சு, வாய்க்குள்ள உருண்டையப் போட்டு, தலைய நிமுத்தி, எறங்குற வரைக்கும் தொண்டைய நீவி விட்டா. எறங்கிருச்சு. கண்ணக் கட்டுன துணிய அவுத்த மாதிரி மூஞ்சியில காத்துப் பட்டுச்சு எனக்கு.

"அண்ணே, நீங்களா"ன்னா. அப்படி ஒரு சிரிப்பு. என்னப் பாத்து யாரும் சிரிச்சு எத்தனையோ மாசம் ஆச்சு.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிட்டேன். மிச்ச மருந்து, வண்டித் தடம், சூடம், வச்சது அடிச்சது எல்லாத்தையும். அவ பக்கத்துல இருந்த ஆட்டப் புடிச்சு அது வயித்துல ஒட்டியிருந்த நாயுருவி முள்ள எடுக்க ஆரம்பிச்சா. ஒண்ணொண்ணா எடுத்தா. எல்லாத்தையும் எடுத்து முடிக்கிற வரைக்கும் என் பக்கம் திரும்பல. என்ன அடிச்சிருக்கலாம், மண்ண வாரித் தூத்தியிருக்கலாம், நான் அதுக்குத்தான் நின்னேன்.

"இத ஊருல சொல்வீங்களா?"ன்னு கேட்டா.

"சொல்றேன்."

"எனக்கு அந்த ஊரு வேணாம்ணே. பேரு போனாப் போதும். என் கையால நாலு பேரு தண்ணி குடிக்கணும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்க ஊரு எல்லைக் கல்லுகிட்ட வந்து நிக்கிறேன். என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டத்தக் கூட்டச் சொல்லி அதே கொட்டகையில நின்னேன். டேங்கு இல்லாமலே எல்லாருக்கும் என்னத் தெரிஞ்சுது. சூடத்த நானே கொளுத்தி வச்சேன். ஓடைக்கரையில களை மருந்து அடிச்சது நான், ஆட்டுக்குப் புத்தி போனது அதுனால, செம்பாயி மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன், கல்லு வருமா கட்டை வருமான்னு.

"தெரியும்யா, உக்காரு"ன்னாரு நல்லதம்பி.

கண்ணத் தொறந்தேன். அவரு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தாரு.

"என்ன தெரியும்?"

"நீ அடிச்சது. என் காட்டுல மிச்சமானதுதானே? நீ மட்டுமா? அவனவன் வரப்புல, வாய்க்கால்ல அவனவன் அடிச்சதுதான். வச்சியான்னு கேட்டாங்க, வைக்கலன்னு சொன்னோம். பொய்யா சொன்னோம்?"

யாரோ சிரிச்சாங்க. நான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். பூசாரிக்குத் தெரிஞ்சிருக்கு. டாக்டரம்மா வந்தன்னிக்கு எனக்கு முன்னாடி நகந்து நின்னாங்களே, அந்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பொம்பளைங்க வரிசையில பூவாயி மடியில இருந்த கையப் பாத்துக்கிட்டு இருந்தா, அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. அத்தன பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காமலே அந்த ஒரு சொல்லுச் சந்துக்குள்ள நுழஞ்சு வெளிய வந்திருக்கோம், அதுல நுழையத் தெரியாதவ அவ ஒருத்திதான்.

"கெளறாத. ஆடும் பழகிருச்சு, ஊரும் பழகிருச்சு"ன்னாரு பூசாரி. நல்லதம்பி துண்ட ஒதறிட்டு எந்திரிச்சாரு. "சோளம் மூணு வாரம் ஆச்சு, பூண்டு மண்டிக் கெடக்கு. காலையில வெள்ளன என் காட்டுக்கு வந்துரு."

சூடம் தானா எரிஞ்சு அணஞ்சுச்சு.

எல்லைக் கல்லுகிட்ட அவ நின்னா, நாலு ஆட்டோட. நல்ல சேலை கட்டியிருந்தா, தலைய வாரிப் பூ வச்சிருந்தா. தூரத்துலயே என்னக் கண்டுகிட்டா.

"சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

தெரியும்னு சொன்னாங்கன்னு சொல்லணும். வாயத் தொறந்தேன். அந்தப் பூவப் பாத்தேன்.

"நம்ப மாட்டேங்குறாங்கம்மா. எத்தனையோ சொல்லிப் பாத்தேன்."

அவ ஊர்ப் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்புறம் என் கையத் தொட்டு என்னத் தேத்துறா. "விடுங்கண்ணே, நீங்க சொன்னதே போதும். அவங்களக் குத்தம் சொல்லி என்ன பண்றது, தெரியாமத்தானே செஞ்சாங்க. தெரிஞ்சிருந்தா என்னய அப்படி அனுப்பியிருப்பாங்களா?"

கேட்டுட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

"அனுப்பியிருக்க மாட்டாங்கம்மா"ன்னு சொன்னேன்.